மேட்டுக் கட்டடத்துக்குப் போன மீன்கள்

பேருந்தில் யோன்காவுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். ஸ்பிரிட்டும் மீனும் கலந்த ஒரு வாடை அவள் கோட்டிலும் தலைமுடியிலும் நிரந்தரமாகக் குடியேறியிருந்தது. அவள் அதற்காக வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. "ரெண்டு சீட்டும் எனக்குத்தான், கால நீட்டிக்கலாம்" என்பாள்.

எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் நான் துணிகள் பிரிவு. கல்யாண உடைகள், கம்பளிகள், கச்சைகள். அவள் மீன்கள் பிரிவு. தன்யூப் கரையில், பழைய தானிய வியாபாரி ஒருவரின் வீட்டில்தான் அப்போது எல்லாம் இருந்தது. என் பிரிவு மாடியில், அவளுடையது நிலவறையில். சுவரோடு சுவராக அலமாரி, அலமாரி முழுக்கக் கண்ணாடி ஜாடி, ஜாடிக்குள் ஸ்பிரிட்டில் மீன். எங்கள் ஆற்றில் நீந்திய எல்லா வகையும் அங்கே இருந்தன. மேலே இரும்பு வாயில் என்ற மலையிடுக்கில் அணை கட்டி முட்டையிடப் போகும் வழி அடைபட்ட பிறகு, கடலிலிருந்து ஏறி வருவதே கிட்டத்தட்ட நின்றுவிட்ட மொருனா மீனின் குஞ்சுகள்கூட, முதுகில் எலும்புத் தகடுகளோடு வரிசையாக இருந்தன. பாதிக்கு மேல் யோன்காவே சேர்த்தவை. வலையில் விநோதமாக ஏதாவது சிக்கினால் மீனவர்கள் வாளியோடு நேரே அவளிடம் வருவார்கள். அவளுடைய அப்பாவும் மீன்பிடித்தவர்தான். ஜாடி கழுவும் வேலைக்கு வந்து, படித்துத் தேறி, அந்தப் பிரிவுக்கே பொறுப்பாளராக ஆனவள் அவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "எவன் இந்த வாடையத் தாங்குவான்" என்று பேச்சை முடித்துவிடுவாள்.

அவளுக்கு இருந்த ஒரே உறவு தம்பி மெத்தோதி. ஆறு வயது இளையவன். இழுவைப் படகில் வேலை. தானியப் படகுகளை இழுத்துக்கொண்டு ஜெர்மனி வரை போய்வருவான். வேடிக்கையான ஆள். அவன் உள்ளே நுழைந்தால் அறையே கொஞ்சம் சூடாகும்.

நிலவறையில் யோன்காவுக்கு ஆற்று வெள்ளத்தைவிடப் பெரிய தொல்லை காவலாளிகள். ஜாடியிலிருந்து ஸ்பிரிட்டை உறிஞ்சிக் குடித்துவிட்டு, அளவு குறையாமலிருக்கத் தண்ணீரை ஊற்றி வைத்துவிடுவார்கள். மீன் அழுகும். முறையிட்டாள், சண்டை போட்டாள், பூட்டை மாற்றினாள், எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் ஒருநாள் கறுப்புப் பெயிண்ட்டை எடுத்து எல்லா ஜாடியிலும், ஸ்பிரிட் கேன்களிலும் மண்டையோட்டுப் படம் வரைந்தாள். மீன் கெடாமலிருக்கப் புதிதாக ஒரு விஷம் கலக்கிறோம், ஒரு மிடறு போனாலும் ஆள் காலி என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தாள். காவலாளிகள் நம்பினார்கள். மீன்கள் பிழைத்தன. அந்தப் பொய்யில் அவளுக்குப் பெருமை உண்டு.

ஆறு உறைந்து படகுகள் நின்றுவிட்ட ஒரு குளிர்காலத்தில், அவள் வீட்டுச் சமையலறையில் நாங்கள் மூவரும் அவரைச் சூப் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மெத்தோதிதான் பேச்சை எடுத்தான்.

"அக்கா, அந்த மண்டையோடு நெசமாவே விஷமா?"

"விஷமாவது ஒண்ணாவது. திராட்சையில காய்ச்சின சுத்தமான ஸ்பிரிட்டு. கண்டவனும் வாய் வைக்கக் கூடாதுன்னுதான் படம்."

"அப்ப எனக்கும் சேர்த்தா வரைஞ்ச?"

"உனக்குத்தான்டா மொதல்ல வரைஞ்சேன்."

மெத்தோதி மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். நாங்களும் சிரித்தோம்.

சில வருடங்கள் கழித்து ஒரு இலையுதிர் காலத்தில் எங்களுக்கு வரவேண்டிய ஸ்பிரிட் வரவேயில்லை. ஜாடிகளில் மட்டம் இறங்கி, பெரிய மீன்களின் முதுகு வெளியே தெரிய ஆரம்பித்தது. யோன்கா இயக்குநர் தாஸ்கலோவின் அறை வாசலிலேயே பழியாய்க் கிடந்தாள். தாஸ்கலோவ் பழைய ரோமானியர் காலத்துக் கற்சிலைகளின் ஆள். மீன்கள் அவருக்கு ஒரு நாற்றம், அவ்வளவுதான். ஆனாலும் எங்கோ பேசி, பெயிண்ட் தொழிற்சாலையிலிருந்து ஒரு பீப்பாய் ஸ்பிரிட் வரவழைத்தார். "இது மரத்துல காய்ச்சறது, மனுஷனுக்கு ஆகாது. மீனுக்கு என்ன, செத்ததுதானே" என்றார். யோன்கா அதைப் பெரிய ஜாடிகளில் மட்டும் ஊற்றினாள். அந்த ஜாடிகளிலும் அதே மண்டையோடுதான் இருந்தது.

இதற்கிடையில் மெத்தோதி கெட்டுப்போனான். படகுக்காரர்கள் எல்லாரும் குடிப்பவர்கள்தான். இவன் காலையிலும் குடிக்க ஆரம்பித்தான். மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு வார்னாவில் அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. ஒருநாள் படகின் கயிற்றைக் கட்ட மறந்து தூங்கிவிட்டான். கேப்டன் எங்கள் ஊர்த் துறையில் அவனைப் பெட்டியோடு இறக்கிவிட்டுப் போனார். யோன்கா அவனை வீட்டுக்குக் கூட்டிவந்து, வீட்டிலிருந்த ராக்கியாச் சாராய பாட்டில்களையெல்லாம் கழுவுதொட்டியில் கவிழ்த்தாள். முதல் வாரம் அவன் நடுங்கியபோது ராத்திரியெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். புத்தாண்டுக்குப் பிறகு அவன் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. மகளுக்குப் போன் செய்து பேசினான்.

அந்த வருடம்தான் நாட்டுக்கு ஆயிரத்து முந்நூறு வயது என்று எங்கும் விழா. ஊருக்கு மேலே, மேட்டில், எங்களுக்குக் கான்கிரீட்டில் புதுக் கட்டடம் எழும்பியிருந்தது. அக்டோபரில் தலைநகரிலிருந்து ஆட்கள் வந்து திறப்பார்கள். அதற்குள் எல்லாவற்றையும் மேலே ஏற்றியாக வேண்டும். நான் ஒருநாள் கிடங்குச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். ஈரம்.

"தோழர் தாஸ்கலோவ், செவுரு இன்னும் காயல. துணியெல்லாம் பூஞ்ச பூத்துப்போகும்" என்றேன்.

"விருந்தாளி வர்றதுக்குள்ள காஞ்சிடும் வேலிகா. நீ மூட்டையக் கட்டு."

சுமை தூக்கப் படைமுகாமிலிருந்து சில சிப்பாய்களை அனுப்பியிருந்தார்கள்; இன்னும் ஆள் தேவைப்பட்டது. யோன்கா தம்பிக்காகக் கேட்டாள். கைக்கு வேலையும், நாள் முழுக்கத் தன் கண்பார்வையில் அவனும் இருந்தால் நல்லது என்று நினைத்தாள். அவனும் நன்றாகத்தான் உழைத்தான். கற்சிலைகளைப் பலகையில் உருட்டி ஏற்றும்போது, "ஏம்மா, ரெண்டாயிரம் வருஷமா உக்காந்து சாப்ட்டா இப்பிடித்தான் கனப்ப" என்று தலையில்லாத ஒரு ரோமானியப் பெண்ணைக் கடிந்துகொள்வான். சிப்பாய்கள் சிரித்துச் சிரித்துக் கையை நழுவவிடுவார்கள். பஞ்சு அடைத்த கூழைக்கடாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊர் நடுவே நடந்துபோனான். எதிரே வந்தவர்களிடமெல்லாம் "ஞாயித்துக்கெழம சமையலுக்கு" என்றான்.

மீன்களின் முறை ஜூலையில் வந்தது. மேட்டுக்குப் போகும் பாதை உருளைக்கல் பாவியது. நிறைந்த ஜாடிகளை லாரியில் ஏற்றினால் பாதி வழியில் மோதி உடைந்துவிடும். அதனால் ஸ்பிரிட்டை முழுக்கக் கேன்களில் வடித்துவிட்டு, மீன்களை ஒவ்வொன்றாக ஈரத் துணியில் சுற்றித் தகரத் தட்டுகளில் அடுக்கினாள். மேலே நைலான் தாள். ஜாடிகள் தனியாக வைக்கோலில் வரும். மேலே போனதும் மீனை உள்ளே விட்டு, ஸ்பிரிட்டை ஊற்றி மூடிவிடலாம். சில நாள் தாங்கும். பெரிய ஜாடிகளிலிருந்து வடித்ததை மட்டும் அவள் மூன்று கேன்களில் தனியாகப் பிடித்து, மண்டையோட்டுக்குக் கீழே சிவப்புப் பட்டையும் போட்டாள். புதுக் கிடங்கில் அவற்றை ஒரு மூலையில் வைத்துவிட்டு, சுமை இறக்குபவர்கள் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னாள்:

"இந்த மூணையும் தொடக் கூடாது. இது மத்தது மாதிரி இல்ல. புரியுதா?"

அவளால் அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. இது மட்டும்தான் விஷம் என்று சொன்னால், மற்றதெல்லாம் விஷமில்லை என்று அர்த்தம். ஒரே நாளில் மற்ற கேன்கள் காலியாகிவிடும். மெத்தோதியிடம் மட்டும் வீட்டில் சொல்லியிருக்கலாம். அதையும் அவள் நினைத்தாள். ஆனால் ஆறு மாதம் ஒரு சொட்டுத் தொடாதவனிடம் போய் அதைக் குடிக்காதே என்று எப்படிச் சொல்வது? நான் உன்னை நம்பவில்லை என்று சொன்னது போலாகும். அப்புறம் சொல்லலாம் என்று விட்டுவிட்டாள்.

புனிதர் இலியாவின் திருநாள் அன்று ஜாடிகளின் கடைசி லாரி பாதி மேட்டில் நின்றுவிட்டது. ஜாடிகளைப் பார்த்துக்கொள்ள யோன்கா இறங்கிப் போனாள். கிடங்கில் மெத்தோதியும், கொதிகலன் பார்க்கும் இல்ச்சோவும் இருந்தார்கள். இலியா பெயர் வைத்தவர்களுக்கு அன்று பெயர்நாள்; இல்ச்சோ என்பதும் இலியாவின் செல்லப் பெயர்தான். வீட்டிலிருந்து தக்காளியும் வெள்ளைச் சீஸும் ரொட்டியும் கட்டிக்கொண்டு வந்திருந்தான். பெயர்நாளில் எதிரில் இருப்பவனுக்கு ஊற்றிக் கொடுக்காமலிருப்பது எங்கள் பக்கத்தில் அவமானம். ஊற்ற ஒன்றுமில்லை.

அதன்பிறகு நடந்தது மெத்தோதியே பின்னால் சொன்னது. மண்டையோடு பொய் என்று அவன்தான் இல்ச்சோவிடம் சொன்னான். அக்கா எந்தக் கேனை அதிகமாகக் காக்கிறாளோ அதில்தான் நல்ல சரக்கு என்று முடிவுகட்டினார்கள். "சிவப்புப் பட்ட போட்டிருக்கா பாரு, விருந்தாளிக்கு எடுத்து வச்ச மாதிரி" என்று இல்ச்சோ சொன்னானாம். தண்ணீர் கலந்து ஆளுக்கு இரண்டு கோப்பை.

யோன்கா திரும்பி வந்தபோது இருவரும் ஒழுங்காக வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கே ஸ்பிரிட் வாடை வீசும்போது, அவன் வாயின் வாடை எப்படித் தெரியும்?

மறுநாள் காலை அவள் ஜன்னல் திரையை விலக்கி, மேஜைமேல் ரொட்டியும் தேநீரும் வைத்துவிட்டு அவனை எழுப்பினாள். வெயில் படுக்கைவரை வந்திருந்தது.

"ஏன்க்கா இவ்ளோ சீக்கிரம்? இன்னும் விடியலயே."

"எழுந்திரிடா. லாரி வந்துடும்."

"திரையத் தொற. ஒரே பனிமூட்டமா இருக்கு."

அவள் அவன் முகத்துக்கு நேரே கையை அசைத்துப் பார்த்தாள். இமை அசையவில்லை. ஒன்றும் கேட்காமலே அவளுக்குப் புரிந்துவிட்டது என்று என்னிடம் சொன்னாள். காலில் செருப்புகூட இல்லாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடி, கார் வைத்திருந்தவரின் கதவைத் தட்டினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், மெத்தனால் விஷத்துக்கு முறிப்பு நல்ல சாராயம்தான் என்றார். உள்ளே போன கெட்டதை உடம்பு விஷமாக மாற்றிவிடாமல் நல்லது மறித்துக்கொள்ளுமாம். மணிக்கொரு தரம் அளந்து ஊற்ற வேண்டும். நர்சுகளுக்கு அன்று கை போதவில்லை. யோன்காவே தம்பியின் தலையை மடியில் தூக்கிவைத்து, குவளையை அவன் உதட்டில் பிடித்தாள்.

"போதும்க்கா" என்றான் அவன். "எனக்கு வேணாம்."

"குடிடா. குடி."

நான் வாசலில் நின்றிருந்தேன். உள்ளே போகவில்லை.

மெத்தோதி பிழைத்தான், பார்வை திரும்பவில்லை. இல்ச்சோவைக் கொண்டுவந்தபோதே நேரம் கடந்திருந்தது. வயிற்றுவலி என்று வீட்டிலேயே கிடந்துவிட்டான். அன்று மாலை இறந்தான்.

அடக்கத்துக்கு யோன்கா போனாள். போகாதே என்று தடுத்தேன், கேட்கவில்லை. குழி மூடியதும் இல்ச்சோவின் மனைவி மார்கா அவள் எதிரில் வந்து நின்றாள். கத்தவில்லை.

"வெஷம்னு ஒரு வார்த்த எழுதி வச்சிருக்கலாம்ல?"

"படம் போட்டிருந்தேன் மார்கா."

"அந்தப் படம் பொய்னு உன் தம்பி சொன்னானாம். சாகறதுக்கு முன்னாடி இவரு எங்கிட்டச் சொன்னாரு. அவனுக்கு யாரு சொன்னா?"

"நாந்தான் சொன்னேன்."

மார்கா திரும்பினாள். மகள்களின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

விசாரணைக்காரர்களிடமும் யோன்கா அதையே சொன்னாள். சமையலறைப் பேச்சை நேரில் கேட்டவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். அவள் சொல்லியிருக்க வேண்டியதில்லை. பெயிண்ட் தொழிற்சாலைப் பீப்பாயைப் பற்றி தாஸ்கலோவைக் கேட்டார்கள். மனிதனுக்கு ஆகாது என்று அப்போதே எச்சரித்தேன் என்றார். அது உண்மை. அவரை விட்டுவிட்டார்கள்.

ஆனால் இல்ச்சோ இறந்த அன்றைக்கே கிடங்குக்குச் சீல் வைத்துவிட்டார்கள். மீன்கள் ஈரத் துணியில், தட்டில், உள்ளே. வெளியே ஜூலை வெயில். யோன்கா தாஸ்கலோவின் புது அறைக்குப் போனாள். நானும் கூடவே போனேன். அங்கே இன்னும் நாற்காலிகூட வந்திருக்கவில்லை. ஜன்னல் திண்டில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு மணி நேரம் கதவத் தொறக்கச் சொல்லுங்க. ஃபார்மலின் ஊத்திட்டு வந்துடறேன். ஸ்பிரிட்டுகூட வேணாம்."

"யோன்கா, ஒரு ஆள் செத்திருக்கான்."

"தெரியும். அந்த மீனெல்லாம் இனி ஆத்துல இல்ல, தோழர் தாஸ்கலோவ். மறுபடியும் புடிக்க முடியாது."

"நீ இன்னும் ஜெயிலுக்கு வெளியில இருக்கறதே பெருசு. மீனப் பத்திப் பேச உனக்கு எப்பிடி வாய் வருது?"

அவள் வெளியே நடந்தாள். திரும்பி வரும்போது படியில் நின்று, "அவரு சொல்றது சரிதான். எப்பிடி வாய் வந்துது எனக்கு" என்றாள். அவள் அழுதது அன்றுதான், அதுவும் கொஞ்சம்தான்.

கிடங்கின் சீல் உடைத்தபோது ஆகஸ்ட் பாதி போய்விட்டது. மேல்மாடிவரை நாறியது. சிப்பாய்கள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு தட்டுகளை மண்வெட்டியால் வழித்து லாரியில் கொட்டினார்கள். நகராட்சிக் குப்பைமேட்டில் சுண்ணாம்பு தூவிப் புதைத்தார்கள். யோன்கா லாரியின் முன்சீட்டில் உட்கார்ந்து அதுவரை போனாள். அங்கே அவள் செய்வதற்கு எதுவும் இல்லை. சும்மா நின்று பார்த்தாள். மீதி ஸ்பிரிட்டையும் சாக்கடையில் கொட்டச் சொல்லி உத்தரவு. அதை அவளே கொட்டினாள். நல்லதும் கெட்டதும் ஒரே வாடைதான் அடித்தன.

அக்டோபரில் கட்டடம் திறந்தது. பேச்சு, விருந்தாளிகளை வரவேற்கும் ரொட்டியும் உப்பும், பூச்செண்டு. மீன்கள் அறையில் ஒரு ஓவியரை வைத்து ஆற்றைச் சுவர் முழுக்க நீலமாக வரைந்து, சுண்ணாம்பில் செய்த மொருனா ஒன்றைக் கம்பியில் தொங்கவிட்டிருந்தார்கள். குழந்தைகளுக்கு அது பிடித்திருந்தது. பழைய மீன்கள் எங்கே என்று விருந்தினர்களும் கேட்கவில்லை, ஊர்க்காரர்களும் கேட்கவில்லை. என் துணிகளில் அந்தக் குளிர்காலமே பூஞ்சை பூத்தது. அது வேறு கதை.

யோன்காவுக்கு நிறுத்திவைத்த தண்டனை; சிறைக்குப் போகவில்லை. அவளை வேலையிலிருந்து நீக்கவில்லை. வாசலில் கோட்டு வாங்கி வைக்கும் இடத்தில் உட்காரவைத்தார்கள். வருபவர்களின் கோட்டை வாங்கி மாட்டி, எண் வில்லையைக் கொடுக்க வேண்டும். ஓய்வு பெறும்வரை அதையே செய்தாள். அந்த வாடை மெல்லப் போய்விட்டது. பேருந்தில் அவள் பக்கத்தில் ஆட்கள் உட்கார ஆரம்பித்தார்கள். அவள் இன்னும் ஓரமாக ஒடுங்கிக்கொண்டாள்.

ஒருமுறை வியன்னாவிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். தன்யூபின் மீன்களைப் பற்றி எழுதுகிறார். எங்கள் ஊரில் ஒரு சேகரிப்பு இருப்பதாக யாரோ சொல்லிக் கேட்டு வந்திருந்தார். தாஸ்கலோவுக்குப் பிறகு வந்த இளம் இயக்குநர், "அப்பிடி எதுவும் இங்க இருந்த மாதிரி தெரியலையே" என்றார். கோட்டு மாட்டும் இடத்துக்கு முன்னால் நின்றுதான் பேசினார்கள். யோன்கா பேராசிரியரின் கோட்டை எடுத்துக் கொடுத்தாள். காலர் மடிந்திருந்ததைச் சரிசெய்தாள். வில்லையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அன்று மதியம் நான் கேட்டேன்:

"ஏன் சொல்லல? உனக்கு எல்லா மீனும் மனப்பாடமாச்சே."

"சொல்லி? காட்டச் சொன்னா எதக் காட்டுவேன்?"

வீட்டில் மெத்தோதி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான். படகுகளின் சங்கை வைத்தே எந்தப் படகு என்று சொல்வான். முதல் இரண்டு மூன்று வருடம் அவனிடம் பழைய வேடிக்கை கொஞ்சம் மிச்சமிருந்தது; பிறகு அதுவும் போனது. குடிக்கவில்லை. குடிக்கவேண்டும் என்று தோன்றவேயில்லை என்பான், ஏதோ இன்னொருவரைப் பற்றிச் சொல்வது போல. மகள் ஒரே ஒரு முறை வந்துபோனாள். அப்பா தன்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசுவதை அவளால் தாங்க முடியவில்லை.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, என் எதிரிலேயே கேட்டான். கோபமில்லை, சாதாரணமாகத்தான்.

"ஏன்க்கா, சிவப்புப் பட்ட எதுக்குன்னு எங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாமே?"

"நீதான் நிறுத்திட்டியே. அத எப்பிடிச் சொல்றதுன்னு..."

"ஆமா. நிறுத்திட்டேன்ல" என்றான். ரொட்டியைத் தடவி எடுத்துக்கொண்டான். அதற்குமேல் இருவரும் அதைப் பேசி நான் கேட்டதில்லை.

பல வருடம் கழித்து, ஊரே ரொட்டிக்கும் விறகுக்கும் வரிசை நின்ற ஒரு கெட்ட குளிர்காலத்தில் நுரையீரலில் சளி கட்டி மெத்தோதி இறந்தான். அதன்பிறகு யோன்கா அடுப்பு மூட்டுவதையே விட்டுவிட்டாள். நான் சூப் கொண்டுபோனால் மரியாதைக்கு இரண்டு கரண்டி சாப்பிடுவாள். ஒருநாள் அவளாகவே சொன்னாள்:

"பொய் சொன்னதப் பத்தி நான் யோசிக்கறதே இல்ல வேலிகா. அன்னைக்குச் சூப்பு சாப்பிடறப்ப உண்மையச் சொன்னேன் பாரு, அதத்தான் நெனச்சுக்கிட்டே இருக்கேன். அவன் சிரிக்கணும்னு சொன்னேன்."

நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சொல்லும்போதே அது உதவாது என்று தெரிந்தது.

இரண்டு வருடம் அப்படியே இருந்தாள். மார்ச்சில், ஆற்றுப் பனி உடைந்த வாரத்தில், பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்துத் திறந்தபோது இறந்து ஒருநாள் ஆகியிருந்தது. அடக்கத்துக்கு நாங்கள் ஐந்தாறு பேர். அருங்காட்சியகத்திலிருந்து ஒரு மலர்வளையம் வந்தது, பெயரை எழுத்துப்பிழையோடு எழுதி. பாதிரியார் சீக்கிரம் முடித்தார், மழை வரும்போலிருந்தது.

திரும்பும்போது கல்லறைத் தோட்டத்து வாசலில் மார்கா நின்றிருந்தாள். நன்றாக வயதாகியிருந்தது. கையில் மெழுகுவர்த்திகள். இதற்காக வந்தாளா, இல்ச்சோவைப் பார்க்க வழக்கமாக வரும் நாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் தலையசைத்தேன். அவளும் அசைத்தாள். எங்களையெல்லாம் போகவிட்டு, பிறகு உள்ளே நுழைந்து, இல்ச்சோ இருக்கும் பக்கமாக நடந்தாள்.